வைப்பர் தண்ணீரில் எதை, எவ்வளவு கலப்பது?

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆன்லைனில் ஒரு ஜெர்மன் வாஷர் கான்சென்ட்ரேட், அதாவது வைப்பர் தண்ணீரில் கரைத்து ஊற்றும் செறிவான திரவம், வாங்கினாராம். பாட்டிலின் பின்பக்கம் ஓர் அட்டவணை: அப்படியே ஊற்றினால் மைனஸ் 60 டிகிரி வரை உறையாது, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 20, ஒன்றுக்கு இரண்டு சேர்த்தால் மைனஸ் 10. பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிய இன்னொரு சின்ன பாட்டிலிலோ 1:100 என்று போட்டிருக்கிறது. "இரண்டுமே வைப்பர் தண்ணீரில் ஊற்றுவதுதானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம்ம ஊர் வெயிலுக்கு எவ்வளவு கலப்பது? வீட்டில் உப்புத் தண்ணியும் வருகிறது, சிறுவாணியும் வருகிறது, எதில் கலப்பது? ஷாம்பூ போட்டால் போதாதா? ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம், அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேள்விகள்.

அவசரமாகப் பதில் வேண்டுபவர்களுக்கு: 3 லிட்டர் டேங்குக்கு அந்த 1:100 பாட்டிலிலிருந்து 30 மில்லி, மீதி சிறுவாணித் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ. உப்புத் தண்ணி வேண்டவே வேண்டாம். ஜெர்மன் பாட்டிலை ஊட்டிக்கு எடுத்து வையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனி விரிவாகப் பார்க்கலாம். காரணம் தெரிந்தால் நாளைக்கு வேறு பாட்டில் கையில் கிடைத்தாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள்.

வாஷர் திரவத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையையும் பூச்சியையும் இளக்குவது. இன்னொன்று, குளிர் நாட்டில் டேங்கிலும் குழாயிலும் கண்ணாடியிலும் உறையாமல் இருப்பது. முதல் வேலையைச் செய்வது சர்ஃபாக்டன்ட் எனப்படும் அழுக்கு இளக்கி. சோப்பின் நெருங்கிய சொந்தம் அது, ஆனால் சோப்பு அல்ல. இது மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும். இரண்டாவது வேலையைச் செய்வது ஆல்கஹால், சிலவற்றில் கிளைகாலும் சேரும். இது கொஞ்சமாக இருந்தால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர் உறையும் புள்ளியைக் கீழே இழுக்க வேண்டுமென்றால் நிறைய வேண்டும். ஆல்கஹாலில் ஒரு வகையான எத்தனாலை எடுத்துக்கொண்டால், கன அளவில் 10 சதவீதம் இருந்தால் சுமார் மைனஸ் 4 டிகிரி வரை தாங்கும். 20 சதவீதத்துக்கு மைனஸ் 9, 40 சதவீதத்துக்கு மைனஸ் 23 என்று போகும்.

அந்த இரண்டு பாட்டில்களின் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 1:100 பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சர்ஃபாக்டன்ட், கொஞ்சம் நிறம், கொஞ்சம் வாசனை. அதனால்தான் நூறு மடங்கு தண்ணீரிலும் அது வேலை செய்கிறது. ஜெர்மன் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால். சர்ஃபாக்டன்ட் கொஞ்சம்தான் இருக்கும், ஏனென்றால் அதை யாரும் நூறு மடங்கு கரைக்கப் போவதில்லை என்று தெரிந்தே தயாரித்திருக்கிறார்கள். ஆகவே குளிர்கால கான்சென்ட்ரேட்டை வாங்கி 1:100 கரைத்தால் கிடைப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். மாற்றிச் செய்தால் இன்னும் மோசம். 1:100 பாட்டிலை ஒன்றுக்கு ஒன்று கலந்தால் நுரை பொங்கும், கண்ணாடியில் பிசுபிசுப்பு ஒட்டும், பானட்டில் வழிந்து காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். பாட்டிலில் உள்ள எண், அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறதோ அதற்கான எண். ஒன்றின் விகிதத்தை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

ஜெர்மன் பாட்டிலை ஊட்டிக்கு அல்லாமல் கோவையிலேயே தீர்த்துவிட நினைத்தால் 1:10 போதும், அதாவது 3 லிட்டர் டேங்கில் 300 மில்லிக்குச் சற்றுக் குறைவாக. ஆனால் அது எனக்கு வீணாகத்தான் தெரிகிறது. ஏப்ரல் வெயிலில் சூடேறிய கண்ணாடியில் தெளித்த உடனே அந்த ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதே அதைத்தான்.

விகிதத்தைப் படிப்பதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு, அதையும் தீர்த்துவிடலாம். 1:3 என்றால் ஒரு பங்கு மருந்து, மூன்று பங்கு தண்ணீர், மொத்தம் நான்கு பங்கு. ஆக அது 25 சதவீதம், 33 அல்ல. 1:1 என்றால் பாதிக்குப் பாதி. 1:100இல் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. 1:1, 1:2 என்று வரும் இடத்தில்தான் கணக்குத் தவறினால் உறைபனியில் மாட்டிக்கொள்வோம்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் கேள்வியைத் தவறான பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்பது என் கருத்து. எந்தக் கம்பெனி மருந்து, எத்தனை மில்லி என்று விசாரிக்கிறார்கள். டேங்கில் 99 பங்கு இருக்கப்போவது தண்ணீர், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் தண்ணீர் பீய்ச்சும் துளையான நாசில் அடைப்பதற்கும், வைப்பர் போன பிறகு வில் போல வெள்ளைப் படலம் நிற்பதற்கும், புது வைப்பர் பிளேடு சில மாதத்தில் கரகரப்பதற்கும் பெரும்பாலும் காரணம் உப்புத் தண்ணி என்று நாம் சொல்கிற போர்வெல் தண்ணீர்தான். பிளேடு வெயிலில் காய்ந்து போவதும் உண்டு, ஆனால் அந்தப் பழியில் பாதியாவது தண்ணீர் மேல் விழ வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை போகலாம். கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ், ஏற்கத்தக்க அளவு 500, வேறு வழியில்லாத இடத்தில் 2000. போர் தண்ணீரில் டிடிஎஸ் 1500 காட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். அந்தத் தண்ணீரை 3 லிட்டர் டேங்கில் நிரப்பினால் உள்ளே நாலரை கிராம் உப்பு, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். கண்ணாடியில் தெளித்த தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கண்ணாடியிலும் நாசில் துளையிலும் பிளேடின் விளிம்பிலும் படிந்து நிற்கும். மறுநாள் காலையில் வெறும் வைப்பரைப் போட்டால் அந்தப் படிவையும் சேர்த்துத்தான் பிளேடு இழுக்கும்.

இன்னொரு கெடுதலும் இருக்கிறது. சோப்பு வகைப் பொருள்கள் கடினத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து, கரையாத திட்டுத் திட்டான கசடாக மாறும். உப்புத் தண்ணியில் குளித்தால் சோப்பு நுரைக்காமல் திரிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேதியியல்தான். நல்ல வாஷர் கான்சென்ட்ரேட்டுகளில் கடினத்தைத் தாங்கும் சர்ஃபாக்டன்ட் போடுவார்கள். அப்படியிருந்தும் ஓரளவுக்கு மேல் அதுவும் தாங்காது. குறைந்த மருந்து போட்டு நல்ல தண்ணீரில் கலந்தால் கிடைக்கும் பலன், அதிக மருந்து போட்டு உப்புத் தண்ணியில் கலந்தால் கிடைக்காது.

சிறுவாணி வருகிற வீட்டில் இருப்பவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. மலையிலிருந்து வரும் மென்மையான தண்ணீர், நேராக ஊற்றலாம். பில்லூர் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீர்தான், அதுவும் சரி. சென்னை மாதிரி இடத்தில் இருப்பவர்கள் வீட்டு ஆர்ஓ தண்ணீரையோ 20 லிட்டர் கேன் தண்ணீரையோ பயன்படுத்தலாம். ஒரு டேங்குக்கு 3 லிட்டர்தான் போகிறது. ஆனால் ஆர்ஓ இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைச் சிலர் வீணாக்க மனமில்லாமல் வண்டிக்கு ஊற்றுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், இயந்திரம் ஒதுக்கித் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் செறிந்து கிடக்கிறது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மிக நல்லது. கேனில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள், அதே கடையில் பேட்டரி ஆசிடும் அதே மாதிரிக் கேனில் இருக்கும்.

கொதிக்க வைத்து ஆற்றினால் போர் தண்ணீர் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. பைகார்பனேட்டால் வரும் கடினம் மட்டும் கீழே படியும். சல்பேட், குளோரைடு அப்படியே இருக்கும். அடுக்குமாடி வீடுகளில் பொருத்தியிருக்கும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. கசடு கட்டாது, ஆனால் மொத்த உப்பு குறையாது. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழத்தான் செய்யும், துடைத்தால் எளிதாகப் போய்விடும் என்பது ஓர் ஆறுதல். வேறு கதி இல்லையென்றால் போர் தண்ணீருக்கு இது எவ்வளவோ மேல்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பற்றியும் பலர் கேட்பார்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்த தண்ணீர் என்பதால் உப்பே இல்லை, அந்த வகையில் அருமையானது. ஆனால் ஏசியின் தட்டில் தூசும் வழவழப்பான கிருமிப் படலமும் இருக்கும், அதைக் கழுவிக்கொண்டுதான் தண்ணீர் வெளியே வருகிறது. மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, கான்சென்ட்ரேட்டும் கலந்து, சீக்கிரம் தீர்ந்துபோகிற அளவுக்கு மட்டும் ஊற்றலாம். வாரக்கணக்கில் வாளியில் பிடித்து வைத்ததை ஊற்ற வேண்டாம். மழைத் தண்ணீருக்கும் இதே கட்டுப்பாடுதான்: முதல் மழையை ஓட்டில் கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடித்து, வடிகட்டி, புதிதாக இருக்கும்போதே பயன்படுத்துங்கள்.

நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டால் வெறும் தண்ணீரே போதாதா என்று கேட்கலாம். தூசியை மட்டும் தள்ளுவதற்குப் போதும். ஆனால் வெறும் தண்ணீரை ஆதரிக்காததற்கு எனக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. பானட்டுக்குள் இருக்கும் டேங்க் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கிறது, தண்ணீர் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. லீஜியனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரும். அது கலந்த தண்ணீரை நுண்துளிகளாகச் சுவாசித்தால் ஒருவகைக் கடும் நிமோனியா வரும். வாஷர் செய்வதே தண்ணீரை நுண்துளிகளாக்குவது, அதுவும் கேபினுக்குள் காற்று இழுக்கும் துவாரத்துக்குப் பக்கத்திலேயே. பிரிட்டனின் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் 2010இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வாஷரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டுவதையும், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் சமூகத்தில் பரவும் நோயில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு அது காரணமாக இருக்கலாம் என்பதையும் அவர்கள் சொன்னார்கள். சோதித்த கார்களில், வாஷர் திரவம் கலக்காத ஐந்தில் ஒன்றில் அந்தப் பாக்டீரியாவின் தடயம் கிடைத்தது. கலந்த கார்களில் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் குளிரிலேயே அப்படி. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் ஓடும் பள்ளிப் பேருந்துகளின் வாஷர் டேங்குகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் இருந்தது. நம் வெயிலும் அந்த ரகம்தான். மூடியைத் திறந்தால் பாசி வாடை வருகிறதென்றால் தண்ணீரைச் சைஃபன் குழாயால் வெளியே எடுத்து, நல்ல தண்ணீரால் அலசிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள்.

ஷாம்பூ கேள்விக்கு வருவோம். தலைக்குப் போடும் ஷாம்பூவில் முடியை வழவழப்பாக்கச் சிலிக்கோன் போன்றவை இருக்கும். அவை கண்ணாடியில் படலமாகப் படியும். பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் எதிரே வரும் லாரியின் ஹைபீம் விழும்போது முன்கண்ணாடி முழுவதும் வெளிச்சம் பரவி, ரோட்டோரம் சைக்கிளில் போகிறவர் மறைந்துபோவார். அதனால் இதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பாத்திரம் கழுவும் திரவம் நுரைக்கவென்றே செய்தது. டேங்கில் நுரை கட்டினால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும், பீய்ச்சல் விட்டு விட்டு வரும். துணி துவைக்கும் பவுடரில் சோடா இருக்கிறது, ரப்பருக்கும் பெயின்டுக்கும் ஆகாது. வினிகர் அமிலம், பம்பின் உலோகப் பாகங்களுக்குப் பகை. மண்ணெண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். கொரோனா காலத்து ஹேண்ட் சானிடைசர் வீட்டில் மிச்சம் இருக்கிறது, அதில் ஆல்கஹால்தானே என்று ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் ஜெல்லும் கிளிசரினும் இருக்கிறது, நாசிலை அடைத்துவிடும்.

பயணத்தின் நடுவே வாஷர் மருந்து விற்கும் கடை எதுவும் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு தற்காலிகக் கலவை சொல்கிறேன்: 3 லிட்டர் நல்ல தண்ணீர், மெழுகு கலக்காத கார் ஷாம்பூ 5 மில்லி, கிடைத்தால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 150 மில்லி. ஆல்கஹால் எண்ணெய்ப் பசையை வெட்டவும் சீக்கிரம் காயவும் உதவும். அடுப்புப் பக்கத்தில் வைத்து கலக்காதீர்கள், ஐசோப்ரொப்பைலின் ஆவி நம் ஊர் அறை வெப்பத்திலேயே ஒரு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். இது ஒரு முறைக்கான ஏற்பாடு, வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஆல்கஹால் என்றதும் சிலர் தின்னர் கடையில் மெத்தனால் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிப்பார்கள், ஏனென்றால் இணையத்தில் வட அமெரிக்கக் குறிப்புகளில் அதுதான் இருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பெட்ரோல் பங்கில் விற்கும் நீல நிற வாஷர் திரவத்தில் இருப்பது மெத்தனால்தான். தயவுசெய்து அந்த வழிக்கே போகாதீர்கள். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலி வாங்கிய சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் ஒரு விதிமுறை கொண்டுவந்து, பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் எடையில் 0.6 சதவீதமோ அதற்கு மேலோ மெத்தனால் இருக்கக் கூடாது என்று தடை போட்டது. அங்கேயும் அதைக் குடித்துச் செத்தவர்கள் இருந்ததுதான் காரணம். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்க, விற்க, வைத்திருக்க உரிமம் வேண்டும். நமக்குத் தேவையும் இல்லை.

டொரோண்டோ பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் நீலக் கேனில் மைனஸ் 40 என்று போட்டிருப்பது ஏற்கெனவே கலந்து தயாராக இருப்பது, கான்சென்ட்ரேட் அல்ல. காசை மிச்சம் பிடிக்கப் பாதி தண்ணீர் ஊற்றினால் மைனஸ் 20 வரையாவது தாங்கும் என்று கணக்குப் போடாதீர்கள். சுமார் மைனஸ் 15க்கே உறைய ஆரம்பித்துவிடும்.

குளிர் ஊருக்கான இன்னொரு உண்மை, ஊட்டிக்கும் பொருந்தும். பாட்டிலில் போட்டிருக்கும் டிகிரி, டேங்குக்குள் இருக்கும் திரவத்துக்கானது. கண்ணாடியில் தெளித்ததும் காற்றில் முதலில் ஆவியாவது ஆல்கஹால். மிஞ்சி நிற்பது தண்ணீர் அதிகமான கலவை. ஓடுகிற வண்டியின் காற்றும் ஆவியாதலும் சேர்ந்து கண்ணாடியை இன்னும் குளிர்விக்கும். அதனால் மைனஸ் 10 தாங்கும் என்று கலந்தது மைனஸ் 5இலேயே கண்ணாடியில் உறைந்து பூத்துப் போகலாம். எதிர்பார்க்கும் குளிரைவிடக் கொஞ்சம் கீழேயே கலந்து வைப்பது நல்லது.

சரி, ஊட்டி. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அங்கே உறைபனி விழும். தலைகுந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானம் மாதிரித் தாழ்வான, திறந்த இடங்களில் விடியற்காலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரி போவதும் உண்டு. டேங்கில் இருக்கும் 3 லிட்டர் ஓர் இரவில் கட்டியாகிவிடும் அளவுக்கு நீண்ட குளிர் இல்லை. ஆனால் நாசில் நுனியில் நிற்கும் ஒரு துளியும், பானட்டுக்கு அடியில் ஓடும் மெல்லிய குழாயில் இருப்பதும் உறைந்துபோகும். அப்போது சுவிட்சைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தால் பம்ப்தான் சூடாகிக் கெடும்.

உங்கள் ஜெர்மன் பாட்டிலை இங்கே 1:4 கலந்தால் போதும். சுமார் மைனஸ் 5 வரை தாங்கும். 3 லிட்டர் டேங்குக்கு 600 மில்லி மருந்து, 2.4 லிட்டர் தண்ணீர். டேங்கில் ஏற்கெனவே ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்: 600 மில்லி மருந்து, 1.4 லிட்டர் தண்ணீர் மட்டும். உள்ளே இருப்பது பழைய 1:100 கலவை என்றால் அதைத் தெளித்துத் தீர்த்துவிட்டு, டேங்கை அலசிய பிறகு ஊற்றுங்கள். இரண்டு வெவ்வேறு கம்பெனி மருந்துகள் ஒன்றோடொன்று சேரும்போது சில சமயம் திரிந்து, கஞ்சி ஆடை மாதிரிப் படிந்து, பம்பின் வலையை அடைத்துவிடும். எல்லா மருந்தும் அப்படித் திரியும் என்றில்லை. எவை திரியும் என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் கலக்காமல் இருப்பதே சரி. சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டையும் கொஞ்சம் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பாருங்கள், அந்த டம்ளரை அப்புறம் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கலந்து ஊற்றிய பிறகு பலரும் மறக்கும் ஒரு வேலை இருக்கிறது. டேங்கில் புதுக் கலவை இருந்தாலும் குழாயில் இருப்பது பழைய தண்ணீர். உறைவது அதுதான். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்கு முன்பே, புதுத் திரவத்தின் நிறமோ வாசனையோ நாசிலில் வரும்வரை தெளித்துவிடுங்கள். பின்கண்ணாடி வாஷர் உள்ள வண்டியில் குழாய் கூரை வழியாக நீளமாகப் போகும், அங்கே இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் அமுக்காதீர்கள், பத்து வினாடிக்கு மேல் போகாமல் விட்டு விட்டு அமுக்குங்கள். அந்தச் சின்ன மோட்டாரைக் குளிர்விப்பதும் அதற்கு மசகு போல இருப்பதும் அதன் வழியாக ஓடும் திரவம்தான். அதே காரணத்தால் டேங்க் காலி என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். தெளிக்கும்போது ஆல்கஹால் வாடை உள்ளே வரும், ஏசியை வெளிக்காற்றை இழுக்காத ரீசர்குலேஷனில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருக்கும் வண்டியில் கட்டாயமாக.

காலையில் முன்கண்ணாடி வெள்ளையாகப் பூத்திருந்தால் வாஷரையும் வைப்பரையும் உடனே தொட வேண்டாம். ஒட்டியிருக்கும் பிளேடு கிழியும். எஞ்சினைப் போட்டு, கண்ணாடிப் பக்கம் வெதுவெதுப்பான காற்றை விட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் மெதுவாகச் சுரண்டுங்கள். வெந்நீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். கல் பட்டுச் சின்னத் தெறிப்பு இருக்கும் கண்ணாடி அந்த வெப்ப மாற்றத்தில் ஓரம்வரை விரிசல் விட்டுவிடும்.

கலப்பதைப் பற்றி இன்னும் சில. தனியாக ஒரு கேனில் கலந்து ஊற்றுவதே நல்லது, முதலில் தண்ணீர், பிறகு மருந்து, அப்போது நுரை வராது. அளக்க இருமல் டானிக்கின் 10 மில்லி மூடி போதும், மூன்று மூடி என்றால் 30 மில்லி. பானட்டைத் திறந்ததும் மூடியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்: முன்கண்ணாடியும் அதில் நீரூற்று தெளிக்கிற மாதிரிப் படமும் இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டேங்கில் வாஷர் திரவத்தை ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மாற்றி, கூலன்ட்டை வாஷரில் ஊற்றினால் கண்ணாடியில் எண்ணெய் மாதிரி வழியும், முன்னால் எதுவும் தெரியாது. கான்சென்ட்ரேட்டைக் கரைக்காமல் ஊற்றுவதும் நல்லதல்ல. வலுவான ஆல்கஹால் பாலிகார்பனேட் ஹெட்லைட்டில் தொடர்ந்து பட்டால் மயிரிழை வெடிப்பு விடும்.

வாஷர் திரவத்தால் தீராத அழுக்கும் இருக்கிறது. ஐப்பசி மழை விட்ட அந்தியில் ஈசல் கூட்டத்துக்குள் வண்டி போனால் கண்ணாடி முழுக்கக் கொழுப்பும் இறக்கையும் அப்பிக்கொள்ளும். ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் வைத்த சந்தனமும் விபூதியும் காய்ந்து மணல் போல ஆகிவிடும். இதற்கெல்லாம் வாஷரைப் போட்டு வைப்பரை ஓட்டினால் பிளேடும் கண்ணாடியும்தான் தேயும். வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, ஈரத் துணியால் கையாலேயே துடைத்துவிடுங்கள். நாசில் அடைத்திருந்தால் மெல்லிய ஊசியால் மென்மையாகக் கிளறலாம். துளைக்குள் உருளும் குண்டு வைத்த நாசிலில் ஊசி கொஞ்சம் அழுத்திப் பட்டாலும் பீய்ச்சும் திசை மாறிவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

மிச்சக் கலவையை எதில் வைப்பது என்பதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. நீலமோ பச்சையோ நிறமும் பழ வாசனையும் சேர்ந்து அது குழந்தைக்கு ஜூஸ் மாதிரித்தான் தெரியும். எத்திலீன் கிளைகால் உள்ளவை இனிக்கவும் செய்யும், சிறுநீரகத்தை அழிக்கும். வந்த பாட்டிலிலேயே வையுங்கள், அல்லது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய தனிக் கேனில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையும் இருக்கிறது, சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெத்தனாலுக்கும் எத்திலீன் கிளைகாலுக்கும் விஷமுறிவு மருந்து உண்டு, ஆனால் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பாட்டிலைப் பார்த்தால்தான் டாக்டருக்கு எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்பது தெரியும்.

ஊட்டியிலிருந்து திரும்பியதும் டேங்கில் மிச்சம் இருக்கும் குளிர்காலக் கலவையைக் கொட்ட வேண்டியதில்லை, கோவையிலேயே தெளித்துத் தீர்த்துவிடலாம். அது தீர்ந்த பிறகு ஒரு லிட்டர் சிறுவாணித் தண்ணீரால் அலசிவிட்டு, 30 மில்லி கணக்குக்குத் திரும்புங்கள்.